உப்புக்குச் சுருங்கி நன்னீருக்கு விரியும் பதார்த்தம்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பிரான்சிலும் இங்கிலாந்திலும் அச்சான மருந்துச் சரக்கு நூல்களைப் புரட்டிப் பார்ப்போர், கீழைத்தேயத்துச் சரக்குகளுக்கு நடுவே, ‘இலங்கைப் பாசி’ என்றும் ‘யாழ்ப்பாணப் பாசி’ என்றும் இரு பெயரால் வழங்கிய ஒன்றைக் காண்பார்கள். வெயிலில் உலர்ந்து வெளிறிய, நூல்போல மெலிந்து கிளைத்த ஒரு கடற்பாசி அது. நோயினின்று தேறி வருவோர்க்கும் சிறு குழந்தைகளுக்கும் லகுவான ஆகாரமாக, அதை நீரிலே காய்ச்சி வடித்து, ஆறி இறுகிய பின் கரண்டியால் ஊட்டுமாறு அக்காலத்து வைத்தியர் விதித்தனர். தாவர சாஸ்திரிகள் கிராசிலாரியா என்னும் கணத்திலே சேர்க்கும் அப்பாசி நமது பரவைக் கடலிலும் கற்பிட்டிக் கடல்நீரேரியிலும் தானாக வளர்வது. நோன்பு மாதத்திலே பாலும் சீனியும் சேர்த்துக் கடற்பாசி காய்ச்சித் தட்டிலே ஊற்றி ஆறவைக்கும் இல்லங்களில் உள்ளவர்களுக்கு அதன் குணத்தை விளக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய 85 பாகை வெப்பத்தில் உருகி நீராகும் அது, ஆறும்போது அதே 85இல் இறுகிவிடாது. 40 பாகையளவுக்கு இறங்கி வந்த பின்னரே இறுகும். வெப்பம் ஏறிய வழியும் இறங்கிய வழியும் அதற்கு ஒன்றல்ல.

அந்தப் பாசியின் வமிசத்தைச் சேர்ந்த பதார்த்தங்களையே இன்றைய இரசாயனம் ஹைட்ரோஜெல் என்று அழைக்கின்றது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நீராக இருந்தும் சிந்திப் போகாமல், வெட்டினால் துண்டாகி, அழுத்தினால் மீண்டெழுந்து, திடப்பொருளுக்குரிய ஆசாரங்களை எல்லாம் அனுசரிக்கும் இந்த வினோத வர்க்கத்தை நாம் அறியாதவர்களல்லர். சீவிய நுங்கின் கண்ணிலே பெருவிரலை விட்டுத் தோண்டும்போது முதலிலே பீச்சியடிப்பது நீர். பின்னர் வழுக்கிக்கொண்டு வருவது சதை. ஆனால் அந்தச் சதையும் பெரும்பாலும் நீரே. அதைச் சிந்தவிடாமல் பிடித்து வைத்திருப்பது கலக்டோமனன் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலி. காய் முற்றும்போது அத்தகைய சங்கிலிகளே நெருங்கி இறுகி, பல்லை உடைக்கத்தக்க பருப்பாகி விடுகின்றன.

இச்சங்கிலிகளைப் பல்பகுதியங்கள் என்பர். அவை தனித்தனியே கிடந்தால் நீரிலே கரைந்து போகும். ஆங்காங்கே ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டாலோ, குருநகர்க் கடற்கரையிலே முடிச்சு முடிச்சாகப் பின்னப்படும் வலையைப் போன்று, விரிய இடமுண்டு, பிரிய வழியில்லை என்ற நிலையை அடைகின்றன. அவ்வலையின் நூல்களில் மின்னேற்றம் பொருந்திய அணுக்கூட்டங்களையும் வைத்துவிட்டால், ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ள, அவற்றைச் சமன் செய்ய உள்ளே தங்கியிருக்கும் சோடியம் முதலிய அயன்கள் வெளிநீரை உள்ளே இழுக்க, ஜெல் ஊதிப் பெருக்கத் தொடங்குகின்றது. இழுபட்ட நூல்களின் மீள்சக்தி போதுமென்று தடுக்கும் எல்லையிலேயே அது நிற்கின்றது. இந்தச் சமநிலை மிக நுட்பமானது. வெளிநீரிலே உப்புக் கூடினாலும், புளிப்புக் கூடினாலும், வெப்பம் ஏறினாலும், மின்புலம் குறுக்கிட்டாலும் அது சாய்ந்துவிடும்; சாய்ந்ததும் ஜெல் தன் பருமனை மாற்றிக்கொள்ளும்.

இதைக் கண்ணாற் காண ஆய்வுசாலை வேண்டியதில்லை. பூச்சாடி அலங்காரத்துக்கென்று கடைகளில் விற்கும் நீர்மணிகள், உலர்ந்திருக்கையில் கடுகைவிடச் சற்றே பெரியவை. அவற்றுள் சிலவற்றை மாரி காலத்துக் கூரை நீரிலும், சிலவற்றை வீட்டுக் கிணற்று நீரிலும், சிலவற்றைக் கடல்நீரிலும் மூன்று பாத்திரங்களாக ஓரிரவு ஊறவிட்டுக் காலையிலே பார்த்தால், மழைநீரில் இட்டவை சிறுவர் விளையாடும் போளையளவுக்குப் பருத்து, நீருக்குள் இருப்பதே தெரியாதவாறு நிற்கும்; கடல்நீரில் இட்டவை அதற்கு மிகவும் சிறுத்துக் கிடக்கும்; கிணற்று நீரில் இட்டவை எந்தக் கிராமத்துக் கிணறு என்பதைப் பொறுத்து இரண்டுக்கும் இடையிலே எங்கோ நிற்கும். நமது கிணறுகள் சுண்ணாம்புக் கல்லிலே வெட்டப்பட்டவை. அந்நீரிலே கரைந்துள்ள கல்சியம் இரட்டை ஏற்றமுடையதாதலால், சோடியத்தைவிட வலுவாக அந்த நூல்களைப் பற்றி இறுக்கிச் சுருங்கச் செய்யும். குழந்தைகளின் அணையாடைக்குள் வைக்கும் ஜெற்பொடி தூய நீரிலே தன் எடையைப் போலப் பல நூறு மடங்கு நீரை ஏற்க வல்லதாயினும், உடலின் உப்பளவுள்ள நீரிலே சில பத்து மடங்குடன் நின்றுவிடுவதும் இதே காரணத்தால்தான். ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: இந்த மணிகளைச் சிறு பிள்ளைகள் விழுங்கினால் குடலிலே ஊதி அடைத்து உயிருக்கே ஆபத்தாகக் கூடும். பரீட்சை முடிந்ததும் அவற்றை எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

உப்பையும் புளிப்பையும் அறிந்து அசையும் ஜெல்லைக்கொண்டு வேலை வாங்கலாம் என்ற எண்ணம் புதிதன்று. 1950ஆம் ஆண்டிலே சுவிற்சர்லாந்தின் வேர்னர் கூன், இஸ்ரேலின் அகரோன் கற்சால்ஸ்கி முதலியோர், அமிலம் ஊற்றினால் சுருங்கியும் காரம் ஊற்றினால் நீண்டும் போகும் பல்பகுதிய இழைகளைக் குறித்து எழுதினார்கள். இரசாயன சக்தி நேரே இயக்கமாக மாறுவதை, தசையிலே நிகழ்வதைப் போன்று, கண்ணாடிக் குழாய்க்குள்ளே காட்டிவிட்டார்கள். ஆயினும் இத்துறையைப் பௌதிகத்தின் திண்ணையிலே ஏற்றி வைத்தவர் ஜப்பானிலே பிறந்து அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திலே பணியாற்றிய ரொயோயிச்சி ரனாகா. ஜெல் மெல்ல மெல்லச் சுருங்கும் என்பதே அதுவரை எல்லோரும் கண்டது. 1978இல் அவர் காட்டியதோ வேறு: அசிற்றோனும் நீரும் கலந்த திரவத்திலே, கலவையின் விகிதத்தைச் சிறிது சிறிதாக மாற்றிச் செல்லும்போது, ஒரு குறித்த புள்ளியிலே ஜெல் திடீரென்று தளர்ந்து வீழ்ந்து தன் பருமனிற் பெரும்பங்கை இழந்துவிடுகின்றது. நீர் கொதித்து ஆவியாவதும் ஆவி குளிர்ந்து நீராவதும் எந்த நியதிக்கு உட்பட்டனவோ, அந்த நியதிக்கே இந்த மெத்தென்ற வஸ்துவும் உட்பட்டது என்பது அதன் பொருள். அவ்வளவு சிறிய தூண்டுதலுக்கு அவ்வளவு பெரிய மாற்றம் கிடைக்கும் என்று தெரிந்த பின்னர் இயந்திர நூலார் சும்மா இருப்பார்களா?

வெப்பத்துக்கு இசையும் ஜெல்களுள் பெயர்பெற்ற ஒன்றுண்டு. அதன் முழுப் பெயரைச் சொன்னால் வாசகர் பத்திரிகையை மூடிவிடக்கூடும். ஆய்வாளர் ‘பினிபாம்’ என்று சுருக்கி அழைப்பர். மற்றப் பொருள்கள் சூடேற விரிய, இது ஏறக்குறைய 32 பாகைக்கு மேலே நீரைக் கக்கிச் சுருங்கி வெளிறும். குளிர்ந்தால் மீண்டும் நீரை உறிஞ்சித் தெளிந்து பருக்கும். சித்திரை, வைகாசி மாதங்களில் யாழ்ப்பாணத்து நண்பகல் அந்த எல்லையைக் கடந்து, பின்னிரவு அதற்குக் கீழே இறங்கிவிடும் என்பதை நினைத்தால், ஒரு பாத்திரத்து நீரிலே கிடக்கும் பினிபாம் துண்டு, மின்சாரமும் மனிதர் கையும் படாமலே, நாளொன்றுக்கு ஒருமுறை சுருங்கி விரியும் என்பது விளங்கும்.

அசைவு வேண்டுமாயின் வெறும் ஊதலும் வற்றலும் போதா; அதற்கு ஒரு திசை வேண்டும். ஊதும் ஜெல் தகடொன்றை ஊதாத தகடொன்றுடன் ஒட்டிவிட்டால், ஒரு பக்கம் நீள மற்றப் பக்கம் தடுக்க, இரண்டும் சேர்ந்து வளைந்து சுருளும்; அத்தகைய பட்டைகளை நாலைந்தாக ஒரு மையத்திலே கூட்டினால், பொருளை மெல்லப் பற்றும் விரல்களாகிவிடும். ஜப்பானிலே யோஷிஹித்தோ ஒசாடாவும் துணைவரும் 1992இல், மின்புலத்தை மாறிமாறிச் செலுத்தி, நீருக்குள்ளே புழுவைப் போல வளைந்து நிமிர்ந்து முன்னேறும் ஜெற்பட்டை ஒன்றைச் செய்து காட்டினார்கள். உலோகக் கையால் பற்ற முடியாத முட்டையையும் மீன்குஞ்சையும் காயப்படுத்தாமல் பற்றத்தக்க மெத்தென்ற கைகளுக்கு இவ்வாறு வழி திறந்தது. ஆனாலும் ஜெல்லுக்குப் பெரிய பிணியொன்று உண்டு; அது சோம்பல். நீர் வலைக்குள் ஊடுருவிச் செல்லவேண்டியிருப்பதால், ஊதுவதற்கு வேண்டிய காலம் தடிப்பின் வர்க்கத்துக்கு இசைய நீள்கின்றது. தடிப்பைப் பத்து மடங்கு கூட்டினால் காலம் நூறு மடங்காகும். 2017இல் மசாசூசெற்ஸ் நிறுவனத்தார் நீந்தும் மீனைப் பாய்ந்து பற்றி விட்டுவிடும் கண்ணாடி போன்ற ஜெற்கை ஒன்றைச் செய்தபோது, இந்தச் சோம்பலை வெல்ல முயலாமல் விலக்கியே வைத்தார்கள். உள்ளே கூடாகச் செய்த குழல்களில் நீரைப் பம்பியால் செலுத்தி அதை அசைத்தார்கள். புத்திசாலித்தனந்தான். ஆனால் அங்கே ஜெல் வெறும் தோலாகிவிட்டது. அறிவது அதன் வேலையன்று.

அதைவிட என் மனத்தைக் கவர்ந்தது இலினோய் பல்கலைக்கழகத்து டேவிட் பீபியும் கூட்டத்தாரும் 2000ஆம் ஆண்டிலே வெளியிட்ட சிறு காரியம். மயிரிழையளவான நீர்க்கால்வாய்களுக்குள்ளே ஜெல்லாலான நுண்ணிய தூண்களை நிறுத்தினார்கள். வரும் திரவத்தின் புளிப்பு ஒருவகையாக இருந்தால் தூண்கள் ஊதிக் கால்வாயை அடைக்கும். மாறினால் சுருங்கி வழிவிடும். பருமன் சிறிதாகையாற் சோம்பலும் இல்லை. காவலாளியும் கதவும் ஒன்றே. இடையிலே கம்பியில்லை, மின்கலமில்லை, உத்தரவிடும் கணினியும் இல்லை. நீரை அளந்து பார்த்து மதகைத் திறக்கவும் அடைக்கவும் ஆளை வைக்க வேண்டிய தொண்டைமானாறு போன்ற இடங்களிலே வாழ்ந்தவர்களுக்கு இதன் அருமை சட்டென்று புலப்படும். மதகளவுக்கு ஜெல்லைப் பெருக்க இயலாது என்பதையும், தடிப்பின் வர்க்க விதியை இப்போது அறிந்த வாசகர் தாமே உணர்வர்.

அசைப்பதிலே தடுமாறும் ஜெல், உணர்வதிலே சமர்த்தன். உலோகக் கம்பியிலே மின்னைச் சுமப்பவை இலத்திரன்கள். நம் நரம்பிலும் தசையிலும் அயன்கள். உப்பு ஊறிய ஜெல்லும் அயன்களாலேயே மின்னைக் கடத்தும். 2013இல் ஹாவாட் பல்கலைக்கழகத்துக் கிறிஸ்ரோப் கெப்ளிங்கர், சிகாங் சுவோ, ஜோர்ஜ் வைற்சைட்ஸ் ஆகியோர் சாதாரண சோடியம் குளோரைட்டு, அதாவது ஆனையிறவிலே வெயில் விளைவிக்கும் அதே உப்பு, ஊட்டப்பட்ட ஜெற்படலங்களைக்கொண்டு, கண்ணாடி போலத் தெளிந்தும் இறப்பர் போல நீண்டும் இயங்கும் ஒலிபெருக்கி ஒன்றைச் செய்து அதிலே சங்கீதத்தை ஒலிக்கவிட்டார்கள். அத்தகைய ஜெற்பட்டையை இழுத்து இரட்டிப்பு நீளமாக்கினால், நீளம் இரு மடங்காவதோடு குறுக்குவெட்டுப் பாதியாகிவிடுவதால், அதன் மின்தடை நான்கு மடங்காகும். ஆகவே விரல் மூட்டிலே ஒட்டிய பட்டை விரல் மடங்குவதையும், தொண்டையிலே ஒட்டிய பட்டை விழுங்குவதையும், மணிக்கட்டிலே ஒட்டிய பட்டை நாடி துடிப்பதையும் மின்தடையின் ஏற்ற இறக்கமாக எழுதிக் காட்டும்.

இதனால் நமக்கு ஆவதென்ன என்று கேட்பவருக்கு ஓரிடத்தைச் சுட்டிக் காட்டலாம். யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிறுவனம், போரிலே கால் இழந்தவர்களுக்கும், நீரிழிவால் கால் அகற்றப்பட்டவர்களுக்கும் பல ஆண்டுகளாகச் செயற்கைக் கால் பொருத்தி வருகின்றது. அங்கே வருவோர் எவரைக் கேட்டாலும், காலின் கனத்தைவிட, எஞ்சிய அவயவம் புகும் கிண்ணம் உரசுவதையே பெருந்துன்பமாகச் சொல்வர். காலையிலே பொருந்திய கிண்ணம், அவயவம் வீங்கியோ வற்றியோ போவதால், மாலையிலே பொருந்தாது. எந்த இடத்திலே அழுத்தம் மிகுகின்றதோ அங்கே தோல் கன்றிப் புண்ணாகும். நீரிழிவுக்காரருக்கு உணர்ச்சியும் மங்கியிருப்பதால் புண் முற்றிய பின்னரே தெரியவரும். கிண்ணத்தின் உள்ளுறையிலே மெல்லிய ஜெல் உணரிகளைப் பதித்தால், அழுத்தம் எங்கே எப்போது ஏறுகின்றது என்பதைப் புண்ணாகுமுன் அறியலாம். தோலின் மென்மையும் ஜெல்லின் மென்மையும் ஏறக்குறைய ஒன்றாகையால், காவலுக்கு வைத்த கருவியே உறுத்தலாகும் விபரீதமும் நேராது.

ஆனால் ஜெல்லின் குறைகளை மறைத்துப் புகழ்வது நியாயமன்று. காற்றிலே வைத்தால் உலர்ந்து வறண்ட தோலாகிவிடும். நமது சோளகக் காற்றிலே சொல்லவும் வேண்டுமா? லிதியம் குளோரைட்டு போன்று ஈரத்தைப் பிடித்து வைக்கும் உப்புகளைச் சேர்ப்பதும், கிளிசரீன் ஊட்டுவதும், இறப்பர் உறையிட்டு மூடுவதும் இதற்குப் பரிகாரங்கள். மற்றொரு குறை நலிவு. ஜியான் பிங் கொங் என்னும் அம்மையார் 2003இல் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்திலே, எளிதில் முறியும் வலையொன்றும் நீண்டு கொடுக்கும் வலையொன்றுமாக இரண்டைப் பின்னிச் சேர்த்து, முன்னது முறிந்து வேகத்தை ஏற்க, பின்னது உருவத்தைக் காக்குமாறு செய்து, மூட்டெலும்புக் குருத்துக்கு ஒப்பான உரத்தை எய்தினார். 2012இலே சுவோவின் குழுவினர் செய்த ஜெல்லோ தன் நீளத்தைப் போல இருபது மடங்குக்கும் மேலாக நீண்டது. அதிலே தியாகவலையாக நின்றது அல்ஜினேற்று. அதாவது பழுப்புநிறக் கடற்பாசிகளின் சாறு. அதை முடிச்சிட்டது கல்சியம். நமது கரையிலே அலை தள்ளி அழுகக் கிடக்கும் பழுப்புப் பாசிகளிலும் அல்ஜினேற்று உண்டு. நமது கிணற்று நீரைக் காய்ச்சும் கேத்திலின் அடியில் படியும் வெண்கட்டியிலும் கல்சியம் உண்டு.

உப்பைப் பற்றிப் பேச்சு வந்த பின் கிணற்றைப் பற்றிப் பேசாதிருக்க யாழ்ப்பாணத்தவனால் இயலாது. வழுக்கியாறு ஒன்றைத் தவிர ஆறென்று சொல்ல ஏதுமில்லாத இக்குடாநாட்டிலே, மாரிமழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கிக் கடல்நீரின்மேலே ஒரு நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே நாற்பதடி நிற்கும் என்பது நிலநீர் சாஸ்திரத்தின் கணக்கு. ஆதலால் மேலே ஓரடி குறைத்தால் கீழே நாற்பதடி உப்பு ஏறிவரும் என்பதும் அதே கணக்கே. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றிலே மேல்நீர் நன்னீராயும் ஆழத்துநீர் உவர்நீராயும் இருப்பது இந்த உண்மைக்குக் கண்கண்ட சாட்சி. துலா மிதித்து இறைத்த காலத்திலே இறைப்பவரின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது, பம்பி களைப்பதில்லை. “கிணறு சவராய்ப் போச்சு” என்று தோட்டக்காரர் சொல்லும் நாளிலே செய்வதற்கு அதிகமொன்றும் எஞ்சியிராது.

அந்த நாளுக்கு முன்பே அறிவிக்கவல்ல ஜெல்லும் உண்டு. பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்துச் சான்போட் ஆஷரும் ஜோன் ஹொல்ற்சும் 1997இல், நுண்மணிகளைச் சம இடைவெளியிலே அடுக்கி ஜெல்லுக்குள் பதித்தார்கள். மயிலிறகின் நிறம் சாயத்தாலன்றி நுண்ணமைப்பால் பிறப்பதுபோல, அந்த அடுக்கும் ஒளியைச் சிதறித் தனக்கென ஒரு நிறத்தைக் காட்டியது. ஈயம் முதலிய அயன்களோ குளுக்கோசோ பட்டதும் ஜெல் பருத்து மணிகளின் இடைவெளி மாற, நிறமும் மாறியது. எழுத்தறியாதவரும் வாசிக்கத்தக்க கருவி அது. கிணற்றுக்குள்ளே கயிற்றில் தொங்கவிட்டு வாரமொருமுறை இழுத்துப் பார்க்கத்தக்க நிறப்பட்டை ஒன்று, உப்புக்கும், உர மிகுதியால் நம் தோட்டக் கிணறுகளிலே சேர்ந்துவிட்ட நைத்திரேற்றுக்கும் உரியதாகச் செய்யப்படுமானால், அதனால் குடாநாட்டுக்கு விளையும் நன்மை, ஜெல்லைக்கொண்டு பெரும்பொறி ஓட்டும் கனவுகள் அனைத்தையும்விட மேலானது என்பது என் துணிபு.

அந்தக் கனவுகளும் சுவையானவையே. முன்னே சொன்ன கற்சால்ஸ்கி 1966இல் துணைவருடன் ஒரு பொறி செய்தார். கொலாஜன் இழையாலான வளையமொன்று செறிந்த உப்புக் கரைசலிலே தோய்ந்து சுருங்கும். சுருங்குவதால் சக்கரத்தைச் சுழற்றும். பின்னர் நன்னீரிலே தோய்ந்து பழைய நீளத்தை அடையும். உப்புநீரும் நன்னீரும் ஒன்றாகும்வரை சக்கரம் ஓயாது. கொலாஜனின் மூவிழைச் சுருளைச் சென்னைப் பல்கலைக்கழகத்திலே ஜி. என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் 1954இல் கண்டறிந்து வெளியிட்டதை நம்மவர் பெருமையோடு நினைவுகூர்வர். அச்சுருள் உப்பிலே குலைந்து நன்னீரிலே மீளப் பின்னுவதுதான் அப்பொறியின் உயிர். ஆறொன்று கடலிலே கலக்கும் இடத்தில், வீணாகும் சக்தி ஏறக்குறைய 270 மீற்றர் உயரத்திலிருந்து விழும் அருவிக்கு நிகரென்பர். எனினும் மாரியிலே இரண்டு மாதம் நீரோடும் நமது நிலத்துக்கு அது பொருந்துவதன்று.

பொருந்துவது பாசி. கப்பாபைக்கஸ் என்னும் செம்பாசியை மிதவைகளிலே கட்டி வளர்ப்பதை, பூநகரிக் கரையின் வலைப்பாடு முதலிய ஊர்களிலே மீனவக் குடும்பங்கள், சிறப்பாகப் பெண்கள், சில ஆண்டுகளாகச் செய்து வருகின்றனர். அதன் சாறாகிய கராஜினன் பொற்றாசியம் பட்டதும் இறுகும் ஜெல். அயனை அறிந்து மாறும் பதார்த்தம். மன்னார் வளைகுடாவின் மறுகரையிலே இதே பாசி பண்ணையை விட்டுத் தப்பிக் குருசடைத் தீவுப் பவளங்களின்மேல் படர்ந்த கதையும் உண்டாதலால், எங்கே வளர்ப்பது என்பதிலே எச்சரிக்கை வேண்டும். ஆனால் உலர்த்திச் சாக்கிலே கட்டி ஏற்றிவிடுவதோடு நம் கைவேலை முடிந்துவிடுகின்றது. விலை ஏறுவதெல்லாம் அதன் பின்னரே. திருநெல்வேலியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து இரசாயனத் துறையும் கடற்றொழில் விஞ்ஞானத் துறையும், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியற் பீடமும், ஜெய்ப்பூர் நிறுவனத்துக் கைவினைஞரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒரு கிணற்றுப் பட்டையையும் ஒரு கிண்ண உறையையும் முதற்பணியாக எடுத்துக்கொள்ள வேண்டும். உயர்தர வகுப்பு இரசாயன ஆசிரியர்கள் அதற்குக் காத்திராமல், இந்த மாரியிலேயே மாணவர் ஒவ்வொருவரையும் தத்தம் வீட்டுக் கிணற்று நீரில் ஒரு போத்தல் கொண்டுவரச் சொல்லி, அதிலே பத்து நீர்மணிகளை ஊறவிட்டு விட்டத்தை அளக்கச் செய்வார்களாக. அடுத்த சித்திரையிலும் அதையே செய்து இரண்டையும் ஒப்பிட்டால், எந்தக் கிராமத்திலே உப்பு ஏறுகின்றது என்ற படமொன்று பாடசாலைச் சுவரிலேயே வரையப்பட்டுவிடும்.